'வயது 35-க்குள், தொடர் அனுபவம் அவசியம்'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் நாளிதழை எங்கள் வீட்டில் இருபது வருடமாக வாங்குகிறோம். நான் முதலில் புரட்டுவது தலையங்கத்தை அல்ல, ஞாயிற்றுக்கிழமை வரும் வரி விளம்பரங்களை. வேலை தேடிய காலத்தில் பேனாவால் வட்டம் போட்டுப் படித்தது, வேலை கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. போன ஞாயிறு திருப்பூர் பகுதியில் அக்கவுண்டன்ட் தேவை என்று ஒன்பது விளம்பரங்கள் இருந்தன. ஆறில் 'வயது 35-க்குள்' என்று போட்டிருந்தது. இரண்டில் 'இடைவெளி இல்லாத தொடர் அனுபவம் அவசியம்'. இந்த இரண்டு வரிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு 45 வயது. பி.காம். படித்துவிட்டு 2004 ஜூனில் பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் சேர்ந்தேன். ஏறக்குறைய ஒன்பது வருடம் அங்கேதான். சேர்ந்தபோது விற்பனை வரி, 2007 ஜனவரியிலிருந்து வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி. மாதம் 20-ஆம் தேதிக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். வெளிமாநில விற்பனைக்குக் குறைந்த வரி போட, வாங்கியவர் தர வேண்டிய 'சி' படிவத்துக்கு டெல்லி, கொல்கத்தா பார்ட்டிகளிடம் கெஞ்ச வேண்டும். படிவம் வராவிட்டால் இரண்டு சதவீதத்தில் போட்ட பில்லுக்கு மீதி வரி நம் தலையில் விடியும். அந்தப் போன்களையெல்லாம் நான்தான் போடுவேன் என்பதால் ஓனர் என்னை 'சி ஃபார்ம் அம்மிணி' என்றே கூப்பிடுவார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தபோது, எந்தத் துணி எந்த ஊருக்குச் சாயம் ஏற்றப் போயிருக்கிறது, எத்தனை கிலோ போய் எத்தனை கிலோ திரும்பி வந்தது என்று டெலிவரி சலான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறேன்.

2013 ஏப்ரலில் மாமியார் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் பிறந்தபோது பிரசவ விடுப்பு 12 வாரம்தான். அதை 26 வாரமாக்கியது 2017-இல். 12 வாரம் முடிந்ததும் குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள்தான் நான். ஆனால் படுத்துவிட்ட பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள என் வேலையில் விடுப்பு என்று ஒன்றும் கிடையாது. கூட இருக்க ஆள் வைக்க மாதம் எட்டாயிரம் கேட்டார்கள். என் சம்பளம் பதினொன்றரை ஆயிரம். பஸ், சாப்பாடு, பிள்ளையின் டியூஷன் என்று கழித்தால் மிஞ்சுவது என்ன என்று யாரும் எனக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாமியாருக்கு மூன்று பையன்கள். வேலையை யார் விடுவது என்ற பேச்சே எழவில்லை. எழாத பேச்சைப் பற்றி இப்போது எழுதியும் பிரயோஜனமில்லை. அடுத்த வருடம் இரண்டாவது பிள்ளை பிறந்தான். 2022 நவம்பரில் மாமியார் காலமானார்.

2023-இல் வேலை தேட ஆரம்பித்தேன். ஏழு இடங்களுக்குப் போனேன். இரண்டு இடங்களில் வயதைக் கேட்டுவிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஓரிடத்தில் ஓனரே பேசினார், நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஏனுங்க, பத்து வருஷம் வீட்ல சும்மாவா இருந்தீங்க?"

மாமியாரைச் சொன்னேன். வருத்தப்பட்டார். அப்புறம், "பழைய கம்பெனி நம்பர் கொடுங்க, ஒரு வார்த்தை விசாரிச்சுக்கறேன்" என்றார். அந்தக் கம்பெனி மூடியே நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கட்டடத்தில் இப்போது வேறு யாரோ எம்ப்ராய்டரி மெஷின் ஓட்டுகிறார்கள். ஒன்பது வருடம் வேலை பார்த்ததற்கு என் கையில் இருந்த ஒரே சாட்சி, பழைய பி.எஃப். சிலிப்புகள் நான்கு. அவற்றைக் காட்டினேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஃப்ரெஷர் சம்பளம்தான் போட முடியும், பன்னெண்டாயிரம்" என்றார். 2013-இல் நான் விட்டு வந்ததைவிட ஐந்நூறு ரூபாய் அதிகம். பத்து வருடத்து விலைவாசிக்கு!

இந்த இடத்தில் பத்திரிகைகளில் வழக்கமாக எழுதுவார்கள்: வீட்டு நிர்வாகமும் ஒரு அனுபவம்தான், அம்மாதான் பெரிய மேனேஜர் என்றெல்லாம். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. மாமியாருக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்ததற்கும் உள்ளீட்டு வரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வருடங்களில் கணக்கு என்று நான் செய்தது ஒன்றே ஒன்று. எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஏழு வருடம் ஊக்குநராக இருந்தேன். பதினான்கு பேர். ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் என் கையெழுத்து. வங்கியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர் ஒரு தடவைகூடச் சிவப்பு மையில் வட்டம் போட்டதில்லை. இதை ஏழு இடத்திலும் சொன்னேன். சிரித்தார்கள். அது பெண்கள் சீட்டு மாதிரி என்று ஒருவர் சொன்னார்.

நான் வீட்டில் இருந்தபோது வாட் போய் ஜி.எஸ்.டி. (சரக்கு, சேவை வரி) வந்திருந்தது. சரி, எனக்குத் தெரியாதது என்ன என்று பார்த்துவிடலாம் என்று, 2024 தொடக்கத்தில் குமரன் ரோடு பக்கம் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் உட்கார்ந்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தது 24 வயதுப் பெண். "அக்கா, முதல்ல தேதியை மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்றாள். விற்ற கணக்கு, ஜி.எஸ்.டி.ஆர்.-1, 11-ஆம் தேதிக்குள். நாம் வாங்கிய இடத்தில் கட்டிய வரியில் நாம் கழித்துக்கொள்ளக்கூடிய வரவு 2பி என்ற அறிக்கையில் தெரிவது 14-ஆம் தேதி. வரியைக் கட்டி 3பி என்ற மாதக் கணக்கைப் போடுவது 20-க்குள். அப்போதும் இருபது, இப்போதும் இருபது என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். வாட் காலத்துப் பதினொரு இலக்க எண் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி.யின் பதினைந்து இலக்க எண்ணும் தமிழ்நாட்டுக்கு 33-தான். கேரளா பார்ட்டி என்றால் அன்றும் 32, இன்றும் 32. சப்ளையர் கணக்குப் போடாமல் விட்டால் நமக்கு வரவு வராது என்பதும் புதிதல்ல. அந்தக் காலத்தில் வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்துதான் அது தெரியும், இப்போது மாதா மாதம் திரையிலேயே தெரிகிறது. 'சி' படிவத்துக்காக டெல்லிக்குப் போன் போட்ட அதே வாயால் இப்போது "ஏனுங்க, உங்க ஆர்-1 இன்னும் ஏறலைங்களே" என்று நூல் மில்லுக்குப் போன் போடுகிறேன். வேலை அதே வேலைதான்.

உண்மையிலேயே புதிதாக இருந்தவை இ-இன்வாய்ஸும் இ-வே பில்லும். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனி பில்லை அரசு தளத்தில் ஏற்றி எண் வாங்க வேண்டும்; தப்பாகப் போட்டால் ரத்து செய்ய 24 மணி நேரம்தான். தமிழ்நாட்டுக்குள் சரக்கு போனால் ஒரு லட்சத்துக்கு மேல் இ-வே பில் என்ற, வண்டியோடு போக வேண்டிய சீட்டு, வெளிமாநிலம் என்றால் ஐம்பதாயிரத்துக்கு மேல். இதற்குப் பதினைந்து நாள் பிடித்தது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் 5, 6, 7, 8, 9 என்ற எஃப் பொத்தான்கள் அப்படியே இருந்தன. விரல் மறக்கவில்லை. விற்ற சரக்கு திரும்பி வந்தால் போடும் கிரெடிட் நோட்டுக்கு மட்டும் பழைய ஞாபகத்தில் கண்ட்ரோலோடு எஃப்8 அழுத்துவேன், புது டேலியில் சேல்ஸ் ஆர்டர் திறந்துகொள்ளும். ஆல்ட்டோடு எஃப்6 என்று விரல் பழக ஒரு வாரம் ஆயிற்று. ஆக, நான் தொலைத்த பதினோரு வருடத்தை எடை போட்டால் மூன்று மாதம் ஒரு வாரம்.

எட்டாவதாகப் போன கம்பெனியில் வயது கேட்கவில்லை. அங்கே அறுபது வயது தாண்டிய பெரிய கணக்காளர் ஒருவர் இருக்கிறார். என் பயோடேட்டாவை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் லெட்ஜரையும் கொடுத்து, "டேலி ஆகலைம்மா, என்னன்னு பாரு" என்றார். வித்தியாசம் 900 ரூபாய். ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன், மீதியில்லாமல் போனது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும் வாய்ப்பு அதிகம் என்பது எங்கள் பழைய ஆபீஸில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்த விஷயம். பார்த்துக்கொண்டே வந்தேன்: 5,400-க்கான ஒரு காசோலையை 4,500 என்று பதிந்திருந்தார்கள். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எப்ப வர்றீங்க?" என்றார். அதுவரை ஒருமையில் பேசியவர் அப்போதுதான் பன்மைக்கு மாறினார்.

2024 ஜூலையில் சேர்ந்தேன், 14,000 சம்பளம். ஒரு பேரமும் பேசினேன். சின்னவன் அப்போது ஐந்தாம் வகுப்பு, சாயங்காலம் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். கணக்கு வேலைக்கு அதற்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. 10, 11, 19, 20 ஆகிய நாட்களில் எட்டு மணி வரை இருக்கிறேன், மற்ற நாள் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவேன் என்றேன். ஓனர் கொஞ்சம் யோசித்தார், பெரியவர் தலையசைத்தார், ஒப்புக்கொண்டார். இதுவரை அந்த நான்கு நாட்களில் ஒன்றில்கூட நான் முன்னதாகக் கிளம்பியதில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் இப்போது பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும் எனக்குப் புதுசு. முதல் நாள் கண்டக்டரிடம் சில்லறையை நீட்டிவிட்டேன்.

தப்பே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது மாதம் கொச்சிக்குப் போன சரக்கின் இ-வே பில்லில் வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். ஒன்பதால் வகுத்துக் காட்டி வேலைக்கு வந்தவள் செய்த தப்பைப் பாருங்கள். வழியில் நிறுத்திவிட்டார்கள். ஒன்றிரண்டு இலக்கம் மாறியிருந்தால் ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு விடலாம் என்று 2018-லேயே சுற்றறிக்கை இருக்கிறது என்று ஆலோசகர் அலுவலகத்துப் பெண் போனில் எடுத்துச் சொல்ல, அதோடு போயிற்று. இது இடைவெளியால் வந்த தப்பா? இல்லை, அவசரத்தால் வந்தது. அதே தப்பைப் பக்கத்து நாற்காலியில் இருக்கும், ஒரு நாள்கூட இடைவெளி விடாத தம்பி என் கண் எதிரே இரண்டு தடவை செய்திருக்கிறார். அவரை யாரும் "பழக்கம் விட்டுப்போச்சு" என்று சொல்லவில்லை.

போன செப்டம்பரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி வரி விகிதங்களை மாற்றியது. 22-ஆம் தேதி முதல் அமல். அதுவரை ஆயத்த ஆடைக்கு ஒரு பீஸ் ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இனி 2,500 வரை 5, அதற்கு மேல் 18. இடையில் 19 நாள். 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நாங்கள் ஐந்து பேர் ஆபீஸில் உட்கார்ந்து ஐட்டம் ஐட்டமாக விகிதம் மாற்றினோம். பழைய விகிதத்தில் பில் போட்ட சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டை எந்த விகிதத்தில் போடுவது என்று பெரிய விவாதம். பழைய பில்லுக்குப் பழைய விகிதம்தான் என்றேன் நான். வாட்டில் நான்கு சதவீதம் ஐந்தானபோது பட்ட பாடு எனக்கு ஞாபகம் இருந்தது. பதினைந்து வருடம் தொடர் அனுபவம் உள்ளவரும், பதினான்கு மாதம் முன்பு வந்த நானும், போன மாதம் சேர்ந்த பெண்ணும் அன்றைக்கு ஒரே பாடத்தைத்தான் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தோம். ஜி.எஸ்.டி. தொடங்கிய 2017 ஜூலை 1 அன்று இந்த நாட்டில் அக்கவுண்டன்ட் என்று இருந்த ஒவ்வொருவரும் ஃப்ரெஷர்தான். அன்றைக்கு நான் வேலையில் இருந்திருந்தால் அன்றைக்குக் கற்றிருப்பேன். ஏழு வருடம் கழித்துக் கற்றேன். அதற்குள் ஜி.எஸ்.டி. இணையதளம் அடிக்கடி படுத்துவிடுவதும் குறைந்திருந்ததாம், எனக்கு அதிர்ஷ்டம்.

வேலையை விடப்போகிற பெண்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம். 2013-இல் வேலையை விட்டதும் மாமியாரின் வைத்தியச் செலவுக்காக பி.எஃப். முழுவதையும் எடுத்தேன். படிவம் 19-இல் சேமிப்பு, 10-சி-யில் ஓய்வூதியப் பணம். யாரோ நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். சேமிப்பை எடுத்ததில் வருத்தமில்லை, தேவை இருந்தது. ஆனால் ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சேவை வேண்டும். என்னிடம் பிடித்தம் போன ஏழு வருடம் இருந்தது. 10-சி-யில் பணமாக எடுக்காமல், வேலை பார்த்த காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழாக வாங்கி வைத்திருந்தால், திரும்பி வந்ததும் அந்த ஏழு வருடம் இதோடு சேர்ந்து, இன்னும் மூன்றே வருடத்தில் தகுதி வந்திருக்கும். இப்போது பூஜ்யத்திலிருந்து பத்து. இன்னொரு வேடிக்கை: 2014 செப்டம்பருக்குப் பிறகு புதிதாகச் சேர்பவரின் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தால் ஓய்வூதியத் திட்டத்துக்குள்ளேயே வர முடியாது. எனக்குப் போட்ட குறைந்த சம்பளம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நல்லது செய்திருக்கிறது.

என் நாத்தனார் மகள் ஆராய்ச்சி மாணவி. விஞ்ஞானிகளான பெண்கள் இடையில் விட்டுத் திரும்பி வருவதற்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03 முதலே நிதியுதவித் திட்டம் வைத்திருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். டாடா குழுமமும் 2008-லேயே இப்படித் திரும்பி வரும் பெண்களுக்குத் தனியாக ஒரு திட்டம் தொடங்கியதாம். நல்லது. ஆனால் காதர்பேட்டையில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஆபீஸுக்குத் திட்டம் ஒன்றும் தேவையில்லை. அரை மணி நேரமும் ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட்டும் போதும்.

அதனால் உங்கள் விளம்பரப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் எத்தனை வரி என்று எண்ணித்தான் காசு வாங்குகிறீர்கள். 'வயது 35-க்குள்' என்று எழுதித் தருபவரிடம், அந்த இடத்தில் என்ன வேலை தெரிய வேண்டும் என்று போடலாமே என உங்கள் ஆள் ஒரு வார்த்தை கேட்கட்டும். '2பி ஒத்துப்பார்க்கத் தெரிய வேண்டும், இ-வே பில் போடத் தெரிய வேண்டும்' என்று எழுதினால் வரியும் கூடப்போவதில்லை, தெரியாத 25 வயதுக்காரர்கள் வந்து ஓனரின் நேரத்தை வீணாக்கவும் மாட்டார்கள். எங்கள் சுய உதவிக் குழுவிலேயே பி.காம். படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர். ஒருத்தி ஏற்றுமதி ஆவணங்கள் பார்த்தவள். உங்கள் விளம்பரத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் வயதைத்தான் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். ஓனர் இந்த நாளிதழைத்தான் படிப்பார், முதல் வருட முடிவில் சம்பளத்தை 18,500 ஆக்கியிருக்கிறார், அடுத்தது பேச வேண்டிய நேரம் வருகிறது. இன்று 19-ஆம் தேதி. நூல் மில்காரர் ஒருவர் இன்னும் ஆர்-1 போடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதி முடித்தேன், மணி இரண்டாகிவிட்டது, அவருக்குப் போன் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.